குன்னகெரை விருந்துக்கு வந்த ஞாயிறு

குன்னகெரை ஏரி எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு கன்னத்தை மட்டும் சவரம் செய்து முடித்திருந்தேன். மறு கன்னத்துக்கு அன்று முழுக்க நேரம் கிடைக்கவில்லை. அதனால் அந்த நாளைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் என்னை அரைத் தாடிக்காரனாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஏரியை அழைத்தது என் மனைவி மயிலாத்தாள்.

அந்தக் காலத்தில் எனக்குக் கல்லாம்பாளையம் பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை. ஞாயிறு வந்தால் மலைக்கு ஏறும் முதல் பஸ்ஸில் நானும், டிப்போ வாசலில் சைக்கிள் கடை வைத்திருந்த அப்பாஸ் பாயும், மயிலாத்தாளும் ஏறிவிடுவோம். மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்ன ஏரிகள் இருந்தன. வெள்ளைக்காரன் தன் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்து விட்டுப்போன மீன்கள் அவற்றில் இருந்தன. உடம்பில் அங்கங்கே ஒட்டுப்போட்டது போலப் பெரிய செதில்கள் மின்னுகிற கண்ணாடிக் கெண்டை ஒன்று. டெஞ்ச் என்று அவன் பெயர் வைத்த, பச்சை எண்ணெய் பூசினாற்போல் கையில் நிற்காமல் வழுக்குகிற மீன் ஒன்று. இரண்டாவதை நாங்கள் எண்ணெய்க் கெண்டை என்போம். ராகிக் களியில் பெருங்காயம் சேர்த்து உருண்டை பிடித்துத் தூண்டில் முள்ளில் செருகி, மயில் இறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி, அது அசைகிறதா அசைகிறதா என்று பொழுது சாய்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பெயர்தான் எங்கள் ஞாயிறு.

குன்னகெரையில் ஒரு கிழட்டுக் கண்ணாடிக் கெண்டை இருந்தது. பாயின் களியைத் தின்று, தூண்டில் நரம்பை அறுத்து, முள்ளையும் எடுத்துக்கொண்டு போவதே அதற்கு வழக்கம். பாய் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தார். "வாங்கறதெல்லாம் வாங்கிக்குது, ஒரு சைக்கிள் தந்துச்சா?" என்பார்.

மயிலாத்தாள் தூண்டிலைத் தொடமாட்டாள். அவள் பேசுவதற்காக வந்தாள். யாரைக் கண்டாலும் நம் வீட்டுக்கு ஒரு நாள் வாருங்கள் என்று சொல்லாமல் அவளால் பிரிய முடியாது. பஸ் கண்டக்டரை அழைப்பாள், பல் பிடுங்கிய டாக்டரை வாயில் பஞ்சோடு அழைப்பாள், தவறுதலாக எங்கள் கதவைத் தட்டியவரையே மறுபடி வரச் சொல்லி அனுப்புவாள். இழவு வீட்டில் மட்டும் அவள் அப்படிச் செய்வதில்லை. அங்கே போனால் பேசாமல் உட்கார்ந்திருந்து, வர்றேன் என்றுகூடச் சொல்லாமல், புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுவாள். அதுதானே முறை. மற்ற எல்லா இடத்திலும் அழைப்புத்தான். குன்னகெரைக் கரையில் சாப்பிட்டு முடித்து, சோற்றுத் தூக்கை ஏரியில் கழுவும்போதும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் அவசரப்படுத்தும்போதும், அவள் தண்ணீரைப் பார்த்துச் சொல்லுவாள்:

"எத்தன வாட்டிதானுங்க நாங்களே வர்றது? ஒரு நாளைக்கு நீங்களும் நம்மூட்டுக்கு வந்துட்டுப் போங்க. டிப்போவுக்குப் பொறத்தால, சந்தைத் திடல் தாண்டி மூணாவது வீடு. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஞாயிற்றில், என் அக்கா வருவதாகச் சொல்லி நாங்கள் மலைக்குப் போகாமல் இருந்து, அவள் வராமலே போன நாளில், ஏரி வந்தது.

மலைப்பாதையில் அது இடப்பக்கமாகவே, ஓரமாகவே இறங்கி வந்ததாகப் பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் பிற்பாடு சொன்னார். கொண்டை ஊசி வளைவுகளில் நின்று எதிரே வரும் லாரிகளுக்கு வழிவிட்டது. சோதனைச் சாவடியில் கட்டையை இறக்கி, என்ன சரக்கு என்று காவலர் பழக்கத்தில் கேட்க, தண்ணியும் மீனும் என்று கண்டக்டர் எட்டிப்பார்த்துச் சொல்ல, கட்டை மேலே போனது. ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடை முன்னால் கொஞ்சம் தயங்கியிருக்கிறது. மயிலாத்தா வீடா, நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கைகாட்டியிருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு வழி கேட்டு வருகிறவர்கள் அந்த ஊருக்குப் புதிதில்லை.

தெருவுக்குள் அது நீளவாக்கில் வந்தது. ஜன்னல் உயரத்தில் கெண்டைகள் நீந்திப் போவதைப் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். எங்கள் வாசலில் வந்து நின்று, தன் விளிம்பை மட்டும் படியேற்றி, கால்மிதியை நனைத்து, அதற்குமேல் வராமல் அங்கேயே காத்திருந்தது.

மயிலாத்தாள் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"வாங்க, வாங்க. வழியெல்லாம் சிரமமில்லாம இருந்துச்சுங்களா?" என்றவள், என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, ஊட்டுல ஒரு நாழி அரிசிகூட இல்லீங்களே," என்றாள்.

"நீதான அழைச்சே," என்றேன்.

"அழைக்கிறதுதான். வர்றவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டு வரமாட்டாங்களா?"

பக்கத்து வீட்டுத் தெய்வானை அதற்குள் வந்துவிட்டாள். தெருவில் எந்தக் காரியத்திலும் முதல் ஆளாகக் குறை சொல்லி முதல் ஆளாகக் கை கொடுக்கிறவள். "ஏரிய விருந்துக்குக் கூப்பிட்டா நாலு பேருகிட்ட முன்னாடியே சொல்லோணும், அக்கா. இப்ப எங்க உக்கார வெக்கறது? உங்க வாசல்ல வெச்சா எங்கூட்டுல கதவு தெறக்குமா?"

சந்தை திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திடல் காலி. அங்கே அழைத்துப்போய் உட்காரவைத்தோம். ஏரி ஒருமுறை சுற்றிப்பார்த்து, திடலின் பள்ளத்தில் சௌகரியமாகப் பரவி அமர்ந்ததும், அதன் மேல் மலையின் குளிர் காற்று கொஞ்சம் மிச்சமிருந்து எல்லோர் முகத்திலும் வீசியதும், கல்லாம்பாளையத்தில் யாருக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. வெயிலில் சுருண்டு கிடந்த நாய்கள் எழுந்து வட்டம் வட்டமாக ஓடின. பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் தெரியாமல் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு அதை வாபஸ் வாங்க வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள்.

விருந்தாளி வெறுங்கையோடு வரவில்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் தன் மடியிலிருந்ததை ஒவ்வொன்றாகக் கரையில் எடுத்து வைக்கத் தொடங்கியது. இத்தனை வருஷம் அதில் விழுந்த அத்தனையும். கண்டக்டரின் விசில், மயிலாத்தாளின் தூக்குவாளி மூடி, எந்த வெள்ளைக்காரனுடையதோ ஒற்றை பூட்ஸ், ஒரு மேல்வரிசைப் பல் செட். பல் செட்டை யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் பார்த்தபோது அது அங்கே இல்லை, எங்கள் தபால்காரர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். அப்பாஸ் பாய்க்கு அவர் பறிகொடுத்த முட்கள் எல்லாம் ஒரு தாமரை இலையில் வைத்து வந்தன. மாமனாரே முன்னால் வந்து கரையோரம் நின்றது.

பாய் வீட்டுக்கு ஓடிப்போய்த் தூண்டிலோடு திரும்பி வந்தார். மயிலாத்தாள் குறுக்கே நின்றாள்.

"பாய், என்ன காரியம் இது?"

"தங்கச்சி, கையெட்டற தூரத்துல நிக்குது. என் வாழ்நாள்ல இப்படி நிக்காது."

"ஊட்டுக்கு வந்த விருந்தாளி மடியில கைய உட்டு எடுக்கறதா? உங்க ஊட்டுக்கு ஆரு வந்தாலும் சட்டப்பையத்தான் தடவிப் பாப்பீங்களா?"

பாய் தூண்டிலைக் கீழே வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார், கை தன் பேச்சைக் கேட்காது என்று தெரிந்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். மாமனார் அவர் முன்னால் ஒரு முறை மல்லாந்து வயிற்றைக் காட்டிவிட்டுப் போனது.

சமையலுக்குத் தெருவே சேர்ந்தது. மீன் கூடாது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை, அவர் புள்ளைகளையே அவருக்குப் பரிமாறுவதா என்று தெய்வானை கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் துவரம்பருப்பு, ஒரு வீட்டில் நெய் என்று வாங்கி, கல்யாண அண்டாவில் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினோம். ராகிக் களியும் இருக்கட்டும் என்றேன் நான், அவர்களுக்குப் பழகிய சாப்பாடு. முள் இல்லாத களியை அந்தக் கெண்டைகள் அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தின்றன. முதல் உருண்டையை நெடுநேரம் சந்தேகத்தோடு முகர்ந்தன. பிறகு தண்ணீர் கொதிப்பது போல ஆகிவிட்டது. கூச்சக்காரர்களான எண்ணெய்க் கெண்டைகள்கூட சேற்றிலிருந்து மேலே வந்து, வாயைத் திறந்து, அரிசிம்பருப்புக்கு இன்னும் கொஞ்சம் நெய் இருக்கிறதா என்பது போலப் பார்த்தன.

உச்சி தாண்டியதும் மயிலாத்தாள் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏனுங்க, ஓரத்தைப் பாருங்க."

ஏரியின் கரை உள்ளே போயிருந்தது. காலையில் தண்ணீர் நின்ற இடத்தில் ஈரச் சேறு வெடித்துக்கொண்டிருந்தது. மலையில் பனியிலும் தூறலிலும் வளர்ந்த ஏரி, நம் ஊர்ச் சித்திரையை அது என்ன கண்டது. மாமனாரின் முதுகு வெளியே தெரிந்தது. குட்டிக் கெண்டைகள் நடுவில் நெருங்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின.

"எழுந்து போகச் சொல்லு," என்றேன்.

"விருந்தாளியப் போன்னு எப்படிங்க சொல்றது? நானே வாங்கன்னு கூப்புட்டு." அவள் சேற்றோரம் குத்துக்காலிட்டாள். "நம்மூட்டுக்கு வந்த எடத்துல ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, இனி நான் ஆரை எந்த வாயில அழைப்பேன்?"

அப்போதுதான் தேயிலை லாரி ஒன்று திடலோரம் வந்து நின்றது. குன்னகெரைக்குப் பக்கத்து ஹட்டியிலிருந்து, அந்த மலைக் கிராமத்தின் பெரியதனக்காரர் பெள்ளி, வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஆட்களோடு இறங்கினார். வியர்வை அவர் மூக்கு நுனியில் சொட்டியது, போர்வையை எடுக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார். சவரம் செய்த கன்னத்தைப் பார்த்தே மரியாதையாகப் பேசினார்.

"எங்க ஏரி இந்தப் பக்கம் வந்ததுங்களா?"

"வந்திருக்குங்க. சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கு."

"காலையில மாடுக தண்ணிக்குப் போச்சு. போன மாடுக திரும்பி வந்து எங்க மூஞ்சியப் பாத்துச்சு. போய்ப் பாத்தா வெறும் சேறு." அவர் ஏரியைப் பார்த்தார், பார்த்த உடனே முகம் மாறியது. "என்னம்மா இப்படி வத்திப்போச்சு? பொழுது சாஞ்சா பாதையில யானை எறங்கும். அதுக்குள்ள மேல ஏறணும். ஏறலைன்னா நாளைக்கு இங்க ஒண்ணும் மிஞ்சாது, எங்களுக்கும் மிஞ்சாது."

கரையில் குனிந்து, தங்கள் பாஷையில் கெஞ்சினார், அதட்டினார், மறுபடி கெஞ்சினார். ஏரி அசையவில்லை. ஒரு சிற்றலை மட்டும் எழுந்து மயிலாத்தாள் நின்ற பக்கம் வந்து அவள் காலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

"போறதுக்கு மனசில்லையா?" என்றார் பாய், கைமேல் உட்கார்ந்தபடியே.

"இல்லீங்க," என்றாள் மயிலாத்தாள் மெதுவாக. "அது சீர் கொண்டாந்து எறக்கி வெச்சுது. நாம சோறு போட்டோம், கையில என்ன குடுத்தோம்? கொண்டாந்த பாத்திரத்தக் காலியாத் திருப்பிக் குடுக்கற ஊரா இது? அதுவாக் கேக்கவும் முடியாது, எந்திரிக்கவும் முடியாது. மானமுள்ள விருந்தாளி அப்படித்தான் உக்காந்திருக்கும்."

ஏரி கொண்டுவந்த பாத்திரம் எது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பாத்திரம் பாதிக்கு மேல் காலியாகி எங்கள் கண்முன்னால் கிடந்தது.

எங்கள் ஊரில் அப்போது தண்ணீர் எப்போது வரும் என்பதைத் தண்ணீர் திறந்துவிடுகிறவரே ஜோசியம் பார்த்துத்தான் சொல்லுவார். குழாயில் வருவது போக மீதிக்குப் போர்வெல், அதுவும் உப்பு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டிரம், நாலு குடம், அவ்வளவுதான். மயிலாத்தாள் வீட்டுக்குப் போனாள். எங்கள் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கரையில் மண்டியிட்டு, சத்தம் வராமல், குழந்தை தலையில் ஊற்றுவது போல ஊற்றினாள். பிறகு இன்னொன்று எடுக்கத் திரும்பினாள்.

யாரும் அசையவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் என்றால் எங்கள் தெருவில் அண்ணனுக்குத் தம்பி தரமாட்டான்.

"அக்கா," என்றாள் தெய்வானை, "நாளைக்கு என்ன குடிப்பே?"

"நாளையத நாளைக்குப் பாத்துக்கலாம். அது இன்னைக்கு வந்திருக்குது."

தெய்வானை இடுப்பில் கைவைத்து நின்றாள். "நீ கூப்புட்டு வெப்பே, நாங்க தண்ணி சொமக்கோணும். இதே பொழப்பாப் போச்சு உன்கூட," என்று திட்டிக்கொண்டே போனவள், திட்டிக்கொண்டே ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் ஆகாது. குடங்கள் வந்தன, அண்டாக்கள் வந்தன, சலூன்காரர் தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலைக் கொண்டுவந்து பீய்ச்சினார். டீக்கடையில் கொதித்த தண்ணீரை ஆற்றி ஆற்றிக் கொண்டுவந்தார்கள். பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுஸ் தொட்டியிலிருந்து வாளி வாளியாக வந்தது, மாரியம்மன் கோயிலில் மஞ்சள் நீராட்டுக்கு வைத்திருந்தது அப்படியே மஞ்சளாக வந்தது. பாய் பஞ்சர் பார்க்கும் தொட்டியை இருவர் உதவியோடு தூக்கிவந்து கவிழ்க்க, அதில் இத்தனை வருஷம் டியூப்களிலிருந்து வெளியேறிய குமிழிகள் எல்லாம் ஏரிக்குள் போய், கெண்டைகள் ஒவ்வொன்றாக அவற்றை விழுங்கி, விழுங்கிய கெண்டைகள் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே எழும்பி, ஆச்சரியம் எதுவும் காட்டாமல் அங்கேயே நீந்தின. டிப்போவில் பஸ் கழுவ வைத்திருந்ததை நான் திறந்துவிட்டேன், அதற்காகப் பிறகு மெமோ வாங்கினேன். பாவாடையில் ஈரத்தோடு பெண்கள் சிரித்தார்கள், சறுக்கி விழுந்தவர்களைத் தூக்கப் போனவர்கள் சறுக்கி விழுந்தார்கள், ஹட்டிக்காரர்கள் போர்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குடம் கைமாற்றும் வரிசையில் நின்றார்கள்.

பெள்ளி ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"உப்புக் கரிக்குதே, அம்மா."

"நம்மூரு தண்ணி அப்படித்தானுங்க," என்றாள் மயிலாத்தாள். "உப்புப் போட்டு அனுப்பறோம்னு வெச்சுக்கங்க. மறந்தரக்கூடாதுல்ல."

பொழுது மலை முகட்டைத் தொடும்போது ஏரி தளும்பியது. வந்ததைவிட ஒரு சுற்றுப் பருத்தே இருந்தது. நிறைந்த பந்தியிலிருந்து எழுவது போல மெல்ல எழுந்தது. லாரி முன்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு போக, பின்னால் ஏரி போக, ஏரிக்குப் பின்னால் கடைசி பஸ் ஹாரன் அடிக்காமல் போனது. முதல் வளைவில் மாமனார் ஒரு முறை துள்ளியது. பாய் கையை ஆட்டினார், மேலே உட்கார்ந்திருந்ததில் மரத்த கை இன்னும் சரியாகவில்லை.

மயிலாத்தாள் தெருமுனை வரை போய், "மறுபடி வாங்க," என்று கூப்பிட்டாள். தெய்வானை ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள்.

அந்த வாரம் எங்கள் தெருவில் ஒருவரும் குளிக்கவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் மூக்கைப் பிடித்தார்கள், எங்களுக்கு அது மெடல் போல இருந்தது.

நாங்கள் குன்னகெரைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் உறவாகிவிட்ட பிறகு முள்ளை எப்படிப் போடுவது? பாய் நெடுநாள் யோசித்து முள்ளை எடுத்துவிட்டு, நரம்பின் நுனியில் களியை மட்டும் கட்டி எறிந்தார். மாமனார் வந்து தின்னும், கொஞ்ச நேரம் நரம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், பாய் இழுப்பார், அது இழுக்கும், பிறகு விட்டுவிட்டுப் போகும். வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்புவோம். எப்போதாவது ஒரு கெண்டை தானாக மனது வைத்துக் கரையேறி மயிலாத்தாளின் தூக்கில் ஏறிக்கொள்ளும். போன இடத்தில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று அவள் வாங்கிக்கொள்வாள்.

பல வருஷம் கழித்து, இன்னொரு கோடையில், குழாய்கள் காற்றை மட்டும் கக்கிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், மயிலாத்தாள் இறந்துபோனாள். அவள் அழைத்திருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். பல் டாக்டர் வந்தார், கண்டக்டர் வந்தார், ஒரு காலத்தில் கதவு மாறித் தட்டியவரும் வந்தார். எல்லோருக்கும் ஆள் அனுப்பினேன், மலைக்கு மட்டும் சொல்லியனுப்பத் தோன்றவில்லை.

அவளை எடுக்கிற நேரத்துக்கு முன்னால் ஏரி வந்தது. துக்கத்துக்கு அழைப்பு வேண்டுமா என்ன. தெருவில் யாரும் வழிகாட்டவில்லை, அதற்கு வழி தெரியும். சீர் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு மீனும் துள்ளவில்லை. விளிம்பை மட்டும் படியேற்றி, கால்மிதியை நனைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டது.

சுடுகாட்டுக்குப் போய் வந்தவர்கள் தலைமுழுகித்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். ஊரில் எங்கேயும் ஒரு குடம் தண்ணீர் இல்லை. திரும்பி வந்தபோது ஏரி சந்தைத் திடலின் பழைய பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். நான் மூழ்கி எழுந்தபோது வாய்க்குள் போன தண்ணீர் கொஞ்சம் கரித்தது. மறுபடி மூழ்கினேன். மறுபடியும் கரித்தது. பாய்தான் என் தோளைப் பிடித்துக் கரைக்கு ஏற்றினார்.

வேட்டியைப் பிழிந்து உடுத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது திடல் காலியாக இருந்தது. ஈர மண்ணில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மலைப்பாதைப் பக்கம் ரோட்டின் இடப்பக்கம் மட்டும் நனைந்திருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருச்சே, மாப்ள," என்றார் பாய்.

"சொல்லிட்டுப் போகக் கூடாதுங்க, பாய்," என்றேன். "மயிலாத்தா பழக்கினது."